கேமரா தொட்ட ஊர்கள்

வட இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிளாக்பூலில், டவரின் பால்ரூமுக்குப் பகலில் போனால் மாடத்தில் ஒரு மேசை கிடைக்கும். தேநீரும் ஸ்கோனும் வாங்கி வைத்துக்கொண்டு, கீழே ஆடுகிறவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம். ஆடுகிறவர்களில் பாதிக்கு மேல் எழுபதைத் தாண்டியவர்கள். மகாகனி, ஓக், வால்நட் என்று மூன்று வகை மரத்தில் அறுத்த 30,602 துண்டுகளைப் பதித்த தளம் அது. 1899இல் பிராங்க் மேட்சம் வடிவமைத்த அரங்கு. தலைக்கு மேலே தங்கப் பூச்சும் சித்திரக் கூரையும். மேடையின் தரை திறந்து வுர்லிட்சர் ஆர்கன் மெல்ல மேலேறி வரும்போது, அதுவரை ஸ்கோனில் கவனமாக இருந்தவர்கள்கூடக் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறார்கள். நம் ஊரில் தேர் நிலையைவிட்டு நகரும் கணத்தில் கூட்டத்துக்குள் ஓடுமே ஒரு சிலிர்ப்பு, அதன் சின்ன உருவம்.

இந்த ஆர்கனை பிரிட்டன் முழுக்கக் கேட்க வைத்தவர் ரெஜினால்ட் டிக்சன். 1930இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தார். அதே ஆண்டில் பிபிசி இந்த அரங்கின் வாசிப்பை ஒலிபரப்ப ஆரம்பித்தது. 1970இல் ஓய்வு பெறும்வரை அவர்தான் ‘மிஸ்டர் பிளாக்பூல்’. சும்மா வீட்டிலிருந்தே கேட்க முடிகிற வாசிப்புக்கு ரயிலேறி வந்து காசு கொடுப்பார்களா என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் அது நியாயமான கேள்விதான். ஆனால் வந்தார்கள். லங்காஷயரின் பஞ்சாலை ஊர்கள் முறைவைத்து ஆளுக்கொரு வாரம் ஆலையை மூடும். மூடிய ஊர் அப்படியே பிளாக்பூலுக்குக் கிளம்பும். வருஷம் முழுக்க வீட்டு ரேடியோவில் கேட்ட ஆர்கனை அந்த ஒரு வாரம் நேரில் கேட்டார்கள். 2004க்குப் பிறகு அந்த வேலையைத் தொலைக்காட்சி எடுத்துக்கொண்டது. பிபிசியின் ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ நடனப் போட்டியில், ஆட்டம் இந்த அரங்குக்கு வருகிற பிளாக்பூல் வாரம்வரை தாக்குப்பிடிப்பதே ஒரு பட்டம் மாதிரி.

பக்கத்து மேசையில் பிரெஸ்டனிலிருந்து வந்த ஒரு அம்மா. அவருடைய பெற்றோர் இந்தத் தளத்தில்தான் முதன்முதலாகச் சேர்ந்து ஆடினார்களாம். “நான் மட்டும் அறுபது வயசுவரைக்கும் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை. டிவியில் பார்த்துப் பார்த்துத்தான் ஆசை வந்தது” என்றார். சொல்லிவிட்டு வால்ட்ஸுக்கு எழுந்து போய்விட்டார்.

ரேடியோவும் டிவியும் ஆங்கிலேயர்களை வீட்டு நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டன என்பது எல்லோரும் சொல்கிற வரலாறு. எண்களும் அதற்குச் சாட்சி சொல்கின்றன. 1946இல் பிரிட்டனின் சினிமாக் கொட்டகைகளில் விற்ற டிக்கெட்டுகள் 163.5 கோடி, 1984இல் 5.4 கோடி. இடையில் நடந்த கதை இதுதான் என்று முடித்துவிடலாம். ஆனால் அதே நாற்காலிதான் பிரெஸ்டன் அம்மாவை எழுப்பி இங்கே அனுப்பியிருக்கிறது. வட இங்கிலாந்தில் மேற்கிலிருந்து கிழக்காக நான் போன இந்தப் பயணத்தில் எனக்குப் பட்டது வேறொன்று: மைக்கும் கேமராவும் எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தனவோ அது பிழைத்தது. தேர்ந்தெடுக்கப்படாதது பிங்கோ கூடமாகவோ கம்பளக் கடையாகவோ ஆயிற்று. தேர்வுக்குத் தகுதியும் காரணமாக இருந்திருக்கலாம்; அதிர்ஷ்டத்துக்குத்தான் பங்கு அதிகம்.

டவரை விட்டு வெளியே வந்தால் கடலைப் பார்த்தபடி ‘காமெடி கார்பெட்’. கருங்கல்லில் வெட்டிப் பதித்த எழுத்துகள்; ஆயிரத்துக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்கள், எழுத்தாளர்களின் பெயர்களும் வசனங்களும். பிள்ளைகள் அதன்மேல் ஐஸ்கிரீம் சிந்தியபடி ஓடுகிறார்கள். அந்த வசனங்களில் பலவும் ரேடியோவும் டிவியும் ஊருக்கு ஊர் கொண்டுபோனவை. அதற்கு முன்பு, மியூசிக் ஹால் என்ற பல்சுவை மேடைகளின் காலத்துக் கோமாளிக்கு ஒரு பத்து நிமிட உருப்படி போதும். இன்றைக்கு விகன், அடுத்த வாரம் ஹல் என்று அதே உருப்படியை வைத்துப் பல வருஷம் பிழைப்பை ஓட்டிவிடுவான். ரேடியோவில் ஒரே ஒரு இரவு பேசினால் போயிற்று, நாடு மொத்தத்துக்கும் அது பழைய ஜோக். அரங்க முதலாளிகள் தங்கள் கலைஞர்கள் மைக் முன்னால் போகக்கூடாது என்று இருபதுகளில் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது சும்மா இல்லை.

பிளாக்பூலில் இன்னொரு இடம் பார்க்க வேண்டும்: புளூம்ஃபீல்ட் ரோடு கால்பந்து மைதானம். 1953 மே மாதம் வெம்பிளியில் நடந்த எஃப்ஏ கோப்பை இறுதியாட்டத்தில் போல்டனை 4-3 என்று பிளாக்பூல் வென்றது. 38 வயது ஸ்டான்லி மேத்யூஸ் கடைசி நேரத்தில் ஆட்டத்தையே திருப்பிப்போட்டார். அடுத்த மாதம் ராணி எலிசபெத்தின் முடிசூட்டு விழா. அதற்காக முன்கூட்டியே டிவி வாங்கி வைத்திருந்தவர்களுக்கு இந்த ஆட்டம் போனஸாகக் கிடைத்தது. விழாவன்று நாட்டில் இருந்தவை சுமார் 27 லட்சம் பெட்டிகள், பார்த்தவர்கள் 2 கோடிக்கு மேல். ஒரு பெட்டிக்கு ஏழெட்டுப் பேர். திரைச்சீலையை இழுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர்களைச் சோபாவிலும் தரையிலும் உட்காரவைத்து, சாண்ட்விச் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டுக்குள் அடைத்த கருவி, முதல் நாளில் செய்தது அண்டை வீட்டாரை உள்ளே அழைத்ததுதான்.

மேத்யூஸ் ஆட்டத்தின் நினைவில் மயங்கி, 1960 செப்டம்பரில் ஐடிவி அதே பிளாக்பூல்–போல்டன் ஜோடியை லீக் ஆட்டத்தில் நேரடியாக ஒளிபரப்பியது. காயம்பட்டிருந்த மேத்யூஸ் ஆடவில்லை. மந்தமான ஆட்டம், போல்டன் 1-0. பெரிய கிளப்புகள் ‘எங்கள் மைதானத்துக்குள் கேமரா வேண்டாம்’ என்று ஒதுங்கிக்கொண்டன. அடுத்த நேரடி லீக் ஆட்டத்துக்கு 1983வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிளப்புகளின் பயத்துக்குக் காரணம் இருந்தது: 1948-49 பருவத்தில் மைதானங்களுக்கு வந்தவர்கள் 4.12 கோடி, அறுபதுகளின் தொடக்கத்தில் அது 3 கோடிக்கும் கீழே போயிருந்தது. கார், தோட்டம், வீட்டுக் கடன் என்று டிவியோடு சேர்ந்து வந்த மற்ற சொகுசுகளுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் திட்டு வாங்கியது பெட்டிதான்.

ரயிலில் போல்டன் வழியாகத்தான் வந்தேன். இறங்கிப் பார்க்க அங்கே பெரிதாக ஒன்றுமில்லை என்பார்கள். ஆனால் 1937இல் ‘மாஸ் அப்சர்வேஷன்’ குழுவினர் இந்த ஊருக்கு வந்து குடியேறி, தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தை அங்குலம் அங்குலமாகக் குறித்து வைத்தார்கள். பப்பில் ஒரு பைன்ட் பீரைக் குடித்து முடிக்க எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதிய புண்ணியவான்கள். டாமினோ, புறாப் பந்தயம், சனிக்கிழமை சினிமா, கால்பந்து முடிவுகளை ஊகித்துப் பணம் கட்டும் பூல்ஸ் சீட்டு என்று அந்தப் பொழுதுகள் நிறைந்திருந்தன. பூல்ஸ் சீட்டுதான் ரேடியோவோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. 1948 ஜனவரியில் பிபிசி ‘ஸ்போர்ட்ஸ் ரிப்போர்ட்’ தொடங்கிய பிறகு, சனிக்கிழமை மாலை முடிவுகள் வாசிக்கிற நேரத்தில் அப்பா கையில் பென்சில், வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. பின்னாளில் வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டர் கார்டன், இரண்டாவது அணியின் பெயரைச் சொல்லும் குரலின் ஏற்ற இறக்கத்திலேயே தோல்வியா, சமனா என்பதைக் காட்டிவிடுவார். எண்ணைச் சொல்லுமுன்பே சீட்டைக் கிழித்துப்போட்ட அப்பாக்கள் இருந்திருப்பார்கள்.

பிராட்ஃபோர்டில் இந்தக் கதையின் பாத்திரங்கள் எல்லாம் ஒரு கூப்பிடு தூரத்துக்குள் நிற்கின்றன. 1914இல் கட்டிய அல்ஹாம்பிரா நாடக அரங்கு. அதற்குப் பக்கத்தில் 1930இல் ‘நியூ விக்டோரியா’வாகத் திறந்த மாபெரும் சினிமா மாளிகை. 3,318 இருக்கைகளோடு உணவகமும் நடனக்கூடமும் உள்ளேயே இருந்தன. ஒரு குடும்பம் சனிக்கிழமை முழுவதையும் அங்கேயே கழித்துவிடலாம். சற்றுத் தள்ளி, இதற்கெல்லாம் உலை வைத்த பெட்டிக்கு எழுப்பிய அருங்காட்சியகம்.

முதலில் அருங்காட்சியகம். 1983இல் தொடங்கியது, இன்றைய பெயர் தேசிய அறிவியல் ஊடக அருங்காட்சியகம். ஜான் லோகி பேர்டின் ‘ஸ்டூக்கி பில்’ பொம்மைத் தலை இதன் சேகரிப்பில் இருக்கிறது. 1926 ஜனவரியில் லண்டன் ஃப்ரித் தெருவின் மாடி அறையில் பேர்ட் உலகுக்குக் காட்டிய தொலைக்காட்சியின் முதல் நடிகன் இந்தப் பொம்மைதான். விளக்குகளின் சூடு மனித முகத்தால் தாங்கக் கூடியதாக இல்லை. வெந்து வெடித்த அந்த முகத்தைப் பார்த்தால், பின்னால் வந்த நட்சத்திரங்கள் மேலெல்லாம் ஒரு இரக்கம் வருகிறது.

பழைய ரேடியோக்கள் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். பிபிசி 1922 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியபோது உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 10 ஷில்லிங். ஏழைக்குக் கிரிஸ்டல் செட். மின்சாரம் வேண்டாம், ஆனால் ஹெட்ஃபோனில் ஒருவர்தான் கேட்க முடியும். அதைப் பீங்கான் பாத்திரத்துக்குள் போட்டுச் சத்தத்தைப் பெருக்கி, குடும்பமே பாத்திரத்தைச் சுற்றித் தலை கவிழ்ந்து உட்கார்ந்த கதைகள் உண்டு. வால்வு செட் வந்ததும் சத்தம் அறை முழுக்கப் பரவியது. மின்சாரம் இல்லாத வீடுகளில் அதற்கு அமிலம் நிரப்பிய கண்ணாடி பேட்டரி. வாரத்துக்கொருமுறை சைக்கிள் கடைக்குச் சிந்தாமல் தூக்கிப்போய்ச் சார்ஜ் ஏற்றி வருவது பிள்ளைகளின் வேலை. 1939இல் ரேடியோ உரிமங்கள் சுமார் 90 லட்சம். முன்னறையில் மூத்த மகள் வாசித்துக்கொண்டிருந்த பியானோ மெல்ல மெல்லப் புகைப்படங்கள் வைக்கிற மேசையாக மாறியது அந்த வருஷங்களில்தான்.

ரேடியோ கொண்டுவந்த பெரிய மாற்றம் நேரம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் ஓய்வு என்பது ஒரு இடம்: பப், தேவாலயக் கூடம், கடற்கரை. பிறகு அது ஒரு மணியாயிற்று. 1932 கிறிஸ்துமஸ் அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் சாண்ட்ரிங்ஹமிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குப் பேசினார். இன்றுவரை பல வீடுகளில் கிறிஸ்துமஸ் விருந்தை அந்த மூன்று மணியை வைத்துத்தான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். டிவி இதை இன்னும் இறுக்கியது. 1957வரை மாலை ஆறிலிருந்து ஏழுவரை திரை வெறுமையாக இருக்கும்; பெற்றோர் பிள்ளைகளைத் தூங்கவைக்க அரசு கொடுத்த இடைவேளை! ‘தி ஃபோர்சைட் சாகா’ தொடர் 1968இல் ஞாயிறு இரவுகளில் மறு ஒளிபரப்பானபோது மாலை ஆராதனையின் நேரத்தைச் சில தேவாலயங்கள் மாற்றிக்கொண்டன. கடவுளே விட்டுக்கொடுத்தபின் பப்காரர் என்ன செய்வார்?

பக்கத்துச் சினிமா மாளிகைக்கு வருவோம். அறுபதுகளின் இறுதியில் அதை வெட்டி, மேலே இரண்டு திரைகள், கீழே பிங்கோ என்று ஆக்கினார்கள். 1960ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பிங்கோவை வணிகமாக நடத்த வழிவிட்டிருந்தது. காலியான கொட்டகைகள் நாடு முழுக்க அதில் இறங்கின. லண்டன் டூட்டிங்கில் கோதிக் தேவாலயம்போல உள்வேலைப்பாடு செய்த கிரனாடா கொட்டகைக்கும் அதே கதிதான். இதைச் சரிவு என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிங்கோ ஆடாதவர்கள். கணவன் பெட்டிமுன் சாய்ந்துவிட்ட மாலையில் ஒரு பெண் தனியாக, யாரும் ஏன் என்று கேட்காமல், போய் உட்காரக்கூடிய வெளிச்சமான இடம் அந்த நாட்டில் வேறு எத்தனை இருந்தன? பிராட்ஃபோர்டின் மாளிகையில் பிங்கோவும் போய், 2000இல் சினிமாவும் போய், இடிக்கப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் கைகோத்து நின்று தடுத்தார்கள். இப்போது அது இசையரங்கு.

ஆங்கிலேயர்கள் கைவிட்ட கொட்டகைகள் சிலவற்றை நம் துணைக்கண்டத்து ஆட்கள் கொஞ்ச காலம் உயிரோடு வைத்திருந்தார்கள். ஆலைகளில் இரவு ஷிஃப்ட் பார்த்த பஞ்சாபிகளும் மிர்பூரிகளும் வார இறுதியில் குடும்பத்தோடு இந்திப் படத்துக்கு வந்து நிறைத்தார்கள். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு வீடியோ வந்ததும் அதுவும் ஓய்ந்தது.

லீட்ஸ் அரைமணி ரயில். கடைவீதிகளுக்கு நடுவே ஒரு சந்தில், பார்த்து நடக்காவிட்டால் தவறவிட்டுவிடுகிற வாசலோடு, சிட்டி வெரைட்டீஸ் மியூசிக் ஹால். 1865இல் திறந்தது. நீண்டு குறுகிய கூடம், இரண்டடுக்கு மாடம், சிவப்பு வெல்வெட். டிவியின் வரவால் நாடெங்கும் மியூசிக் ஹால்கள் இடிபட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1953 முதல் 1983வரை, பிபிசி இங்கிருந்து ‘தி குட் ஓல்ட் டேஸ்’ நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. எட்வர்ட் மன்னர் காலத்து மியூசிக் ஹாலை அப்படியே நடித்துக் காட்டுகிற நிகழ்ச்சி. பார்வையாளர்களும் வேஷம் கட்ட வேண்டும்: இறகு வைத்த தொப்பி, ஒட்டு மீசை, உயரமான காலர். அதில் இடம் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். தான் கொன்ற கலைக்கு டிவி முப்பது வருஷம் திவசம் செய்தது என்று கேலி பேசலாம். ஆனால் சந்தில் இருக்கிற இந்தக் கட்டிடம் இன்னும் நிற்பதற்கு அந்தத் திவசம்தான் காரணம். உள்ளே ஒரு இளம்பெண் மேடையில் ஒலிபெருக்கியைச் சோதித்துக்கொண்டிருந்தாள். மாலையில் ஸ்டாண்ட்-அப் காமெடியாம்.

ஹோம்ஃபர்த்தில் டாக்சி பிடித்து ஹோம் மாஸ் மலைக்கு ஏறினேன். கரிய புல்வெளி, ஒரு மரம் கிடையாது, ஏப்ரல் மாதத்திலும் காற்று காதை அறுக்கிறது. உச்சியில் 750 அடிக் கோபுரம். 1951 அக்டோபரில் இங்கே ஒளிபரப்பு தொடங்கியபோதுதான் வட இங்கிலாந்துக்குத் தொலைக்காட்சி வந்தது. இன்று இருப்பது பிறகு நட்ட கோபுரம், ரேடியோவுக்கு மட்டும். 1950இல் சுமார் 3.44 லட்சமாக இருந்த டிவி உரிமங்கள் 1955இல் 45 லட்சமாகி, 1960இல் ஒரு கோடியைத் தாண்டின. வரிசை வீடுகளின் புகைபோக்கிகளில் H வடிவ ஆன்டெனாக்கள் முளைத்தன. யார் வீட்டில் வாங்கிவிட்டார்கள், யார் வீட்டில் இன்னும் இல்லை என்று தெருமுனையிலிருந்தே தெரிந்துவிடும்.

டாக்சிக்காரரின் தாத்தா ஹட்டர்ஸ்ஃபீல்ட் கம்பளி ஆலையில் வேலை பார்த்தவர். அவர் டிவி வாங்கியதே ஞாயிறு காலையில் பிபிசி போட்ட ‘நயீ ஜிந்தகி நயா ஜீவன்’ பார்க்கத்தானாம். உருது கேட்க, முகேஷ் பாட்டுக் கேட்க, தெருவில் இருந்த எல்லா வீட்டு ஆண்களும் ஒரே அறையில். “முடிசூட்டு விழா நாங்கள் வாராவாரம் கொண்டாடினோம்” என்று சிரித்தார்.

கீழே ஹோம்ஃபர்த் ஊரை வாழவைத்ததும் ஒரு தொடர்தான். மூன்று கிழவர்கள் வேலையற்று மலைச்சரிவில் சுற்றித்திரியும் ‘லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்’, 1973 முதல் 2010வரை இங்கேதான் படமானது. வெளியே போகாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்த நாடு, வெளியே சுற்றுகிற மூவரை முப்பத்தேழு வருஷம் பார்த்திருக்கிறது. பிறகு பஸ் பஸ்ஸாக வந்து அவர்கள் உட்கார்ந்த படிக்கட்டைப் புகைப்படம் எடுத்தது. தொடரில் வந்த காபிக் கடையில் உட்கார்ந்து நானும் ஒரு ஸ்கோன் தின்றேன். பிளாக்பூல் ஸ்கோன் மேல்.

மலையின் மறுபக்கம் இறங்கி ஷெஃபீல்ட். ஸ்னூக்கர் ஒரு காலத்தில் புகை மண்டிய கூடங்களின் ஆட்டம். அங்கே போய்வருகிற மகனைப் பற்றி அம்மாக்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். 1967இல் பிபிசி2 வண்ணத்துக்கு மாறியது. சிவப்பு, பச்சை, இளஞ்சிவப்பு என்று பந்துகள் உருளும் ஆட்டத்தைவிட வண்ணத்தை மலிவாகக் காட்ட வேறு என்ன இருக்கிறது? சேனலுக்குப் பொறுப்பாக இருந்த டேவிட் அட்டன்பரோவின் காலத்தில், 1969இல், ‘பாட் பிளாக்’ என்ற ஸ்னூக்கர் நிகழ்ச்சி தொடங்கியது. பெரும்பாலான வீடுகளில் அப்போதும் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். எந்தப் பந்து எதுவென்று வர்ணனையாளர் மெல்லிய குரலில் விளக்க வேண்டியிருந்தது. உலக ஸ்னூக்கர் போட்டியை நடத்த இடம் தேடிக்கொண்டிருந்த மைக் வாட்டர்சனிடம், அவர் மனைவி தான் நாடகம் பார்த்துவிட்டு வந்த ஷெஃபீல்டின் குரூசிபிள் அரங்கைச் சொன்னார். 1977 முதல் போட்டி அங்கேதான். 1985இல் டென்னிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் ஆடிய இறுதி, கடைசிக் கருப்புப் பந்துவரை போய் நள்ளிரவு தாண்டி முடிந்தது. தூங்காமல் பார்த்தவர்கள் 1.85 கோடிப் பேர். உருக்கு ஆலைகள் மூடிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில், ஷெஃபீல்டுக்கு உலகம் அறிந்த வேறொரு பெயர் கிடைத்தது.

காலை ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. மொத்தமே 980 இருக்கைகள்தான்; மேடையைச் சுற்றி மூன்று பக்கமும் ஆட்கள். முதல் சுற்றுகளில் நடுவே ஒரு தடுப்பை நிறுத்தி இரண்டு மேசைகளில் ஆட்டம் நடக்கிறது. ஒரு மேசையில் கைதட்டினால் மறு மேசைக்காரர் குச்சியை நிறுத்திக் காத்திருக்கிறார். உள்ளே போகும் வழியில் சின்னக் காது ரேடியோ விற்கிறார்கள். அரங்கில் பலரும் அதை மாட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். பத்தடி தூரத்தில் நடக்கிற ஆட்டத்துக்கு, வீட்டில் டிவி பார்ப்பவர்கள் கேட்கும் அதே பிபிசி வர்ணனை. ஆட்டக்காரர் குனிந்து குறிபார்க்கும் மௌனத்தில், வர்ணனையாளர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, காதில் மாட்டியவர்கள் மட்டும் களுக்கென்று சிரித்தார்கள். ஆட்டக்காரர் நிமிர்ந்து முறைத்தார். என் பக்கத்தில் இருந்தவர் மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு ஒரு காதுக் கருவியைக் கழற்றி, துடைத்து, என்னிடம் நீட்டினார். வாங்கி மாட்டிக்கொண்டேன்.